கோச்சிப் பாதையில் ஒரு பள்ளிக்கூடம்



இலக்கியத் தொடர் ஒன்றில் பேச வருமாறு அழைப்பு வந்தபோது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. நான் கதையோ கவிதையோ எழுதியவன் அல்லன். புகையிரதப் பகுதியில் 1963ஆம் ஆண்டு சேர்ந்து, 2002ஆம் ஆண்டு நிலைய அதிபராக இளைப்பாறியவன். வாசகன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நள்ளிரவுக்கு மேல் வரப்போகும் மெயில் வண்டிக்காக விழித்திருக்க வேண்டிய உத்தியோகத்தில் அகப்பட்டவனுக்கு வாசிப்பைப் போல நல்ல துணை வேறில்லை. பத்திரிகைக் கட்டுகளும் சஞ்சிகைக் கட்டுகளும் எங்கள் கையைத் தாண்டித்தான் ஊர்களுக்குப் போயின. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய பின்னர், அது வந்து சேரும் நாளைப் பார்த்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

"உங்கள் பள்ளிக்கூட நாட்களையும் பயணங்களையும் பற்றிப் பேசுங்கள்" என்றார் தயாரிப்பாளர். வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி சிரித்துவிட்டா. "நீங்கள் எங்கை பயணம் போனனீங்கள்? சனத்தை ஏத்தி அனுப்பினதுதானே உங்கடை சீவியம்" என்றா.

அதில் பிழை சொல்ல முடியாது. ஒரு நிலைய அதிபருக்கு நாளாந்தம் தெரிவது மற்றவர்களின் பயணம்தான். ஆனால், நின்ற இடத்திலிருந்து பார்த்தவனுக்கும் சொல்ல விடயம் உண்டு. வண்டியில் போனவனுக்குத் தன் பயணம் ஒன்றுதான் தெரியும். மேடையில் நின்றவனுக்கு ஒரு சனத்தின் பயணம் தெரியும்.

நான் பிறந்தது 1942இல், சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் இடையில், தண்டவாளத்துக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில். எங்கள் வீட்டில் மணிக்கூடு இருந்தது. ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் வேலை செய்ததில்லை. 'காலைக் கோச்சி போட்டுது' என்றால் ஆச்சி மாட்டை அவிழ்ப்பா. விசயதசமியில் ஏடு தொடக்கி, நாவலரின் பாலபாடம் படித்து, உடைந்த சிலேற்றும் கையுமாகத் திரிந்த அந்தப் பள்ளிக்கூடத்திலும் மணி அடிப்பதற்குக் கோச்சிதான் ஆதாரம்.

அங்கே எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த சட்டம்பியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேட்டி, சால்வை, குடுமி. அவருடைய வகுப்பில் சுவரில் தொங்கிய இலங்கைப் படம் கரப்பான் அரித்து மன்னார்த் தீவு பாதி காணாமற் போயிருந்தது. அதனால் அவர் படத்தை நம்பவில்லை. எங்கள் வாயை நம்பினார். காங்கேசன்துறையிலிருந்து தெற்கே வரும் நிலையங்களைத் தேவாரம் போல வரிசையாக ஒப்புவிக்க வேண்டும். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம். அங்கே ஒரு மூச்சு விடலாம். பிறகு நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், எழுதுமட்டுவாள், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா.

பெயரை மட்டும் சொன்னால் அவர் விடமாட்டார். பெயருக்குப் பின்னால் அந்த இடத்தின் பொருளையும் சொல்ல வேண்டும். காங்கேசன்துறை என்றால் சீமெந்து. கொடிகாமம் என்றால் மாம்பழம். பளை என்றால் தேங்காய். ஆனையிறவு என்றால் உப்பு. முறிகண்டி என்றதும் 'பிள்ளையாரும் கச்சானும்' என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. சட்டம்பியார் சிரிக்கவில்லை. "சரிதான், எழுதிக் கொள்ளுங்கோ" என்றார். வவுனியாவுக்குத் தெற்கே மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, குருநாகல், பொல்கஹவெல என்று நிலையங்கள் சிங்கள ஊர்களாக மாறும். அந்தப் பெயர்களை நாக்கு இடறாமற் சொல்ல வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். "நாளைக்கு அந்த ஊர்ச் சனத்தோடை சீவிக்கப் போறவன் நீ. ஊரின் பெயரையாவது ஒழுங்காய்ச் சொல்லு" என்பார். தாமே வவுனியாவுக்குத் தெற்கே போயிராத மனிதர் அவர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, 1956இல், யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் காலையிற் புறப்பட்டால் பின்னேரத்துக்கு முன் யாழ்ப்பாணம். சுமார் 250 மைல் தூரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. அதே 1956இல்தான் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டமும் வந்தது. வடக்கையும் தெற்கையும் கிட்டக் கொண்டுவந்த வண்டியும், தூரத் தள்ளிய சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தன. இதை நான் எங்கும் வாசித்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் உத்தியோகம் பார்த்ததால் அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

அந்தச் சட்டம் எங்கள் தலைமுறை உத்தியோகத்தரை எப்படி நெருக்கியது என்பது மூத்த நேயர்களுக்கு நன்கு தெரியும். சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்ச்சி இல்லை, உத்தியோகமும் நிரந்தரமில்லை. பலர் வெறுத்து ஒதுங்கினார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. நான் படித்தேன். எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தவர் மாகோவுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு நிலையத்தின் சுமைதூக்கும் போர்ட்டர். அரிக்கன் லாம்பின் கீழே, நிலையப் பெயர்ப் பலகையிலிருந்த எழுத்துகளைக் காட்டியே அவர் தொடங்கினார். பதிலுக்குத் தமிழ் எழுத்தைத் தமக்குக் காட்டச் சொன்னார். அவருக்கு எந்தப் பரீட்சையும் இருக்கவில்லை. ஒரு மொழியைக் கட்டாயத்துக்காகப் படிப்பவனும் ஆசைக்காகப் படிப்பவனும் ஒரே லாம்பின் கீழ் இருந்தோம். விரைவாகப் படித்தவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து மோதாமற் காப்பது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு ஒரு வட்டத் தகடு இருந்தது. 'ரப்லெற்' என்போம். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு இயந்திரப் பெட்டி இருக்கும். இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. இரு நிலைய அதிபர்களும் மணியடித்துப் பேசி உடன்பட்டாற்றான் ஒரு தகடு வெளியே வரும். அது அடுத்த நிலையத்தின் பெட்டிக்குட் போகும் வரை, எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்தத் தகட்டைத் தோற்பையில் இட்டு, பெரிய வளையமொன்றிற் கோத்து, சாரதியிடம் கொடுப்போம். நில்லாமற் போகும் வண்டியென்றால் சாரதி கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். அது இல்லாமல் சாரதி ஓர் அடி நகரமாட்டார். மந்திரி வந்து சொன்னாலும் நகரமாட்டார்.

மறுமுனையில் மணியடிப்பவர் சிங்களவரா, தமிழரா, பறங்கியரா என்று பெட்டிக்குத் தெரியாது. இருவரும் உடன்பட்டாற்றான் பாதை திறக்கும். நாட்டு விவகாரம் சூடாகப் பேசப்பட்ட நாட்களிற்கூட அந்த மணி ஒழுங்காகவே அடித்தது.

எனது உத்தியோக வாழ்வில் மறக்க முடியாத காலம் மலைநாட்டில் கழிந்தது. 1970களின் தொடக்கத்தில் தலவாக்கலைப் பக்கத்தில் உதவி நிலைய அதிபராக இருந்தேன். மலைப்பாதை அழகானது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். பட்டிப்பொல என்னும் நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது; இலங்கையில் அதைவிட உயரமான நிலையம் இல்லை. ஆனால் அந்தப் பாதை அழகுக்காகப் போடப்பட்டதல்ல. முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே வெள்ளைக்காரன் அதைப் போட்டான். பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. நான் அங்கிருந்த காலத்தில், அதே பாதை தேயிலையை இறக்கியதோடு, அதைப் பறித்த மனிதரையும் இறக்கியது.

1948இற் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களை, 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேர் இலங்கைக்கு; மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். போகிறவர்கள் மலையிலிருந்து இறங்கி, பொல்கஹவெலவில் வடக்கே திரும்பி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குப் போக வேண்டும். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து போனதால் அந்தப் பழைய வழி அப்போது இல்லை.

அந்த வண்டிக்குத் தோட்டத்துச் சனம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. புகையிரதப் பகுதி எந்த வண்டிக்கும் இவ்வளவு பொருத்தமான பெயரை வைத்ததில்லை.

அதை எப்படிச் சொல்வது? போகிறவர் பத்துப் பேரென்றால் அனுப்ப வந்தவர் நூறு பேர். காலை தொடக்கம் தப்புச் சத்தத்தோடு மலையால் இறங்கி வருவார்கள். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், சட்டி பானை, சாமிப்படம், கூடையிற் கோழி. வண்டி வரும் வரையில் ஒருவரும் அழமாட்டார்கள். சிரித்துப் பேசி, வெற்றிலை மாற்றி, கடுதாசி போடச் சொல்லி விலாசம் எழுதிக்கொள்வார்கள். கைகாட்டி விழும். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும். அப்போது ஒரு கிழவி தொடங்குவாள். பிறகு மேடை முழுவதும் ஒரே குரல்தான். சாவுக்குப் பாடும் அதே இராகம். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த அக்கா தங்கைகளில் ஒருத்திக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவளுக்கு இலங்கைக் குடியுரிமை. யன்னலுக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. நான் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை நேரத்துக்கு அனுப்புவது என் கடமை. கார்ட் பச்சைக் கொடியைக் கையிற் சுருட்டி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் இருவரும் கொடுத்த அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒரு நாள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தராசுக்குக் கிட்டே அம்மியையும் குழவியையும் வைத்துக்கொண்டு நின்றார். சாமான்களோடு அதையும் நிறுக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் மனைவி சற்றுத் தள்ளி நின்றாள். நான் பதில் சொல்வதற்கு முன்னமே, அனுப்ப வந்த மச்சான்காரர் குறுக்கிட்டார்: "இந்தக் கல்ல எதுக்கு மாமா சொமக்குறீங்க? அங்க நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" நம்ம ஊர் என்று அவர் சொன்ன ஊரை இருவருமே பார்த்ததில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சரிங்கய்யா, இங்கயே இருக்கட்டும்" என்றார் அந்த மனிதர். வண்டி வந்தது. எல்லாரும் ஏறிய பின்னர், மனைவி மட்டும் திரும்ப இறங்கி வந்து, அம்மியின் முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். அழவில்லை. பேசவுமில்லை.

அம்மி தராசடியிற் கிடந்தது. ஒரு கிழமை கழித்து எங்கள் சிங்களப் போர்ட்டர் அதைத் தம் குவாட்டர்சுக்கு எடுத்துப் போனார். போகுமுன் என்னிடம் வந்து, "மாத்தயா, யாராவது கேட்டு வந்தால் என் வீட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டே எடுத்தார். நான் மாற்றலாகிப் போகும் வரை ஒருவரும் கேட்டு வரவில்லை. அவர் மனைவி அதிலே மிளகாய் அரைத்தா. உறைப்பு வழக்கத்தைவிடக் கூட என்று அவர் பகிடி பண்ணுவார்.

மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். 1984இற் கப்பல் நின்றது. மிஞ்சியிருந்தவர்களின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழுங்குக்கு வந்தது. மலையக எழுத்தாளர்கள் அந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள், வாசித்திருக்கிறேன். ஆனால், வடக்கிலிருந்து போய் அங்கே ஆசிரியர்களாக, கிளாக்கர்களாக, எங்களைப் போல நிலையங்களில் இருந்தவர்கள் கண்டது எழுத்தில் மிகக் குறைவு. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கும் எண்பது தாண்டியிருக்கும்.

எங்கள் முறை பிறகு வந்தது. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1985 ஜனவரியில் யாழ்தேவி தாக்கப்பட்டது. 1990 ஜூனுடன் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. சட்டம்பியாரின் தேவாரத்தில் அரைவாசி, ஓடாத பாதையின் பெயர்களாகிவிட்டது. இருபத்துநான்கு வருடங்கள்! யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை கோச்சியைச் சித்திரத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தது. சிங்களவர் ஒருவரைச் சீருடையிலன்றி வேறு கோலத்தில் காணாமலே வளர்ந்தது. இரண்டாவது இழப்பைப் பற்றி நாங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். அந்த வண்டியில் எதிரெதிர் இருக்கையில் இருந்து, ஒருவர் எள்ளுருண்டையை நீட்ட, மற்றவர் வடையை நீட்ட, பாதி மொழியில் எட்டு மணித்தியாலம் பேசிப் போன சனம் நாங்கள். அதற்கு ஈடான பள்ளிக்கூடத்தை எந்த அரசாங்கமும் பிறகு கட்டவில்லை.

என் வகுப்புத் தோழர்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள், பலர் காலமாகிவிட்டார்கள். என் மகளும் ஒன்ராறியோ மாகாணத்திற்றான். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயரே வைக்கப்பட்டிருந்தது. அல்பேர்ட்டா, மனிற்றோபா, ஒன்ராறியோ. 'ஒன்ராறியோ வருது' என்று நாங்கள் மேடையிற் சொல்வோம். ஒன்ராறியோ எங்கே இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் அக்கறையில்லை. பேரனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அப்ப எங்களுக்கு முதலே எங்கடை ஊர் உங்களிட்டை வந்திட்டுதே அம்மப்பா?" என்று கேட்டான்.

2014 ஒக்ரோபரில் கோச்சி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போயிற்று. அந்த ஆண்டே தலைமன்னார்ப் பாதையும் திறந்தது. எல்லாரும் யாழ்தேவியில் ஏறி ஊருக்குப் போனார்கள். நானும் போனேன், ஊர் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். எனக்கு வேறொரு பயணம் பாக்கியிருந்தது. எத்தனையோ பேரைத் தலைமன்னாருக்கு ஏற்றி அனுப்பிய நான் அந்த முனையைக் கண்டதில்லை.

2016இல் போனேன். மதவாச்சியில் இடப்பக்கம் பிரிந்து, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை. சட்டம்பியாரின் படத்திலே கரப்பான் தின்ற பகுதி இதுதான். வண்டி பாலத்தைக் கடந்து தீவுக்குட் போனதும் இரு பக்கமும் உடைமரமும் மணலும். கடைசி நிலையம் தலைமன்னார்ப் பியர். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. வெளிச்சவீடும், கடலுக்குள் நீண்டு உடைந்து நிற்கும் பழைய இறங்குதுறையும் தெரிந்தன.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "என்னையா, கப்பல் வருமெண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டார். நான் யார் என்று சொன்னேன். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் அதே துறையில் மூட்டை தூக்கியவராம். அந்தச் சனத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்வதுண்டா என்று கேட்டேன்.

"சொல்லுவேர். பெட்டியள் பாரமில்லையாம். உடுப்பு என்னத்தைக் கிடந்தது? அம்மிதானாம் கரைச்சல். தூக்கித் தூக்கித் தோள் போச்சுதெண்டுவேர்."

"அம்மி கொண்டு வந்தவையே?" என்றேன்.

"கொண்டு வராமலோ? அரைவாசிப் பேர் அம்மியோடைதானாம் வந்தது" என்றார்.

திரும்பும் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டேன்.